யானை நிற்பதை முதலே சொல்வதா, கடைசிவரை ஒளிப்பதா?

சிறுகதையில் வாசகரைப் பதற வைக்க இரண்டு வழி பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஆபத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்துத் திடீரென்று போடுவது ஒன்று, முதலிலேயே காட்டிவிட்டுக் காக்க வைப்பது மற்றது. இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோவுடன் பேசியபோது மேசைக்குக் கீழே குண்டு இருக்கும் காட்சியை வைத்து இதை விளக்கினார்: பார்ப்பவருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதற்றம். குண்டுக் கதை போர் நடந்த இலங்கையின் வன்னிப் பகுதியில் தேவையான அளவுக்கு இருக்கிறது, நாம் யானையை வைத்துப் பார்க்கலாம்.

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயல், கதிர் முற்றிய நேரம், தகப்பன் காவல் கொட்டிலில். மகன் இரவுச் சாப்பாட்டோடு குளக்கட்டால் சைக்கிளில் போகிறான். ஒளித்து எழுதினால் கடைசிப் பத்தியில் பற்றைக்குள்ளிருந்து யானை வரும், வாசகர் திடுக்கிடுவார், சரி. ஆனால் அதுவரை நிலவு, தவளைச் சத்தம் என்று வெறும் வர்ணனைதான் ஓடியிருக்கும். அதோடு குளக்கட்டு, இரவு, தனிப் பெடியன் என்றதுமே எங்கள் ஊர் ஆட்களுக்கு யானை தெரிந்துவிடும், ஒளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பது எழுதியவர் மட்டும்தான்.

இப்போது முதல் வரியிலேயே, கட்டு திரும்பும் இடத்தில் பாலை மரத்துக்குக் கீழே தனியன் யானை நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். தாய் தூக்குச்சட்டியைக் கொழுவிவிட்டு "கெதியாப் போட்டு வா" என்று சொல்வதே நெஞ்சில் இடிக்கும். அப்புறம் அந்த டைனமோ லைட் இருக்கிறதே, மணலில் சைக்கிள் இழுபட்டு மிதி குறையக் குறைய வெளிச்சமும் மங்கும், இறங்கி நின்றால் சுத்த இருட்டு, ஆக அவன் எங்கே மெதுவாகிறானோ அங்கேதான் அவனுக்குக் கண்ணும் தெரியாது. யானை ஓர் அடியும் எடுத்து வைக்கத் தேவையில்லை. அதன் பெயரைக்கூடத் திரும்ப எழுத வேண்டாம், சட்டி மூடி கிணுகிணுப்பதை எழுதினால் போதும்.

என் வாக்கு இதற்குத்தான், ஆனால் இதிலும் வில்லங்கம் உண்டு. இழுத்தால் சலிக்கும். அதைவிட மோசம், இவ்வளவு காக்க வைத்துவிட்டு யானை பேசாமல் காட்டுக்குள் போய்விட்டால் வாசகர் உங்களைத் திட்டுவார். ஏதாவது நடக்க வேண்டும், அதுவும் அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து வரக்கூடாது. இந்த ஒரு இடத்தில் ஒளிக்கிற வழி கை கொடுக்கும்: யானை வயலுக்குள் கால் வைக்கிறது, மகன் குளக்கட்டில் வருவது தெரியாமல் தகப்பன் யானைவெடியை, அதாவது யானை விரட்டும் பட்டாசைக் கொளுத்திப் போடுகிறார், யானை கட்டுப் பக்கம் திரும்பி ஓடுகிறது. அந்த வெடியை நடுவில் எங்கேயாவது, கொட்டில் மூலையில் தீப்பெட்டியோடு கிடப்பதாக ஒருதரம் சொல்லிவிட்டு, அதைப் பற்றி மூச்சுக் காட்டாமல் இருந்துவிட வேண்டும்.