பஞ்சு பறக்கும் ஊருக்கு ஒரு லேப்டாப்: அடுத்த மாடலில் எனக்கு வேண்டியவை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது துணி வாங்கும் பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் வேலையில், இருக்கிறேன். நாலு வருடத்துக்கு மேலாக ஒரே லேப்டாப்தான். நிட்டிங் யூனிட், கட்டிங் டேபிள், சாயப்பட்டறை என்று போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. தயாரித்தவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் பல மாடல்களில் இதே குறைகள் உண்டு. கீபோர்டு இன்னும் அருமையாக இருக்கிறது. பேட்டரி இறங்கிப் போனாலும் ஒரு பவர்கட்டைத் தாங்குகிறது.

பெரிய தொல்லை ஃபேன்தான். நிட்டிங் மெஷின் ஓடும் இடத்தில் காற்றில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். வீட்டுத் தூசி ஊதினால் போய்விடும். பஞ்சு போகாது, நாரோடு நார் பின்னிக்கொள்ளும். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே படிந்து படிந்து, கடைசியில் ஒரு கம்பளித் துண்டை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். சூடு வெளியேற வழியில்லாமல் 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆர்டர் ஷீட்டைத் திறந்தாலே திணறும். எங்கள் பக்கம் பலர் இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள், பாவம்.

சரி, திறந்து சுத்தம் செய்யலாம் என்றால் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தாண்டினால் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப். என் மாடலில் ஃபேனும் காப்பர் பைப்பும் ஒரே பாகம். ஃபேனை எடுக்க மொத்தத்தையும் பிராசஸர் மேலிருந்து தூக்க வேண்டும், அப்புறம் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட வேண்டும். "ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் ஒரு கிளிப்பாவது உடையுதுங்கண்ணா" என்று சர்வீஸ் கடைத் தம்பி வருத்தப்படுகிறார். பழைய லேப்டாப்புகள் பலவற்றில் அடியில் சின்ன மூடி ஒன்று தனியாக இருக்கும். ஒன்றிரண்டு ஸ்க்ரூ கழற்றினால் போதும். அந்த மூடி திரும்ப வர வேண்டும். ஃபேன் மட்டும் தனியாகக் கழல வேண்டும். காற்று உள்ளே போகும் வழியில் கழற்றித் தட்டக்கூடிய வலை வேண்டும். வலை வைத்தால் காற்று குறையும் என்பது உண்மைதான். திறப்பைப் பெரிதாக்கட்டும், லேப்டாப் கொஞ்சம் தடிமனாகட்டும். ஒல்லியாக இருப்பதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

அடுத்தது திரை. விலை குறைந்த மாடல்களில் 45 சதவீத என்டிஎஸ்சி பேனல்தான், அதாவது என்டிஎஸ்சி என்ற வண்ண அளவுகோலில் பாதிகூடக் காட்டாத திரைதான், போடுகிறார்கள். அதில் சிவப்பு வெளிறித் தெரியும். லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள், எப்படியும் துணியில் பார்த்துத்தான் ஓகே ஆகும் என்றாலும், பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்கை நான் முதலில் பார்ப்பது இந்தத் திரையில்தான். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண வரம்பு முழுதாக வரும் பேனல் விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது.

ரேமைக் கழற்றவோ கூட்டவோ முடியாதபடி மதர்போர்டில் சால்டர் செய்வதற்கு மின்சாரச் சிக்கனத்தையும் தடிமனையும் காரணமாகச் சொல்வார்கள். அதற்கும் வழி வந்துவிட்டது. கழற்றி மாற்றக்கூடிய கேம்2 வகை ரேமுக்கு, மெமரி தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரிலேயே தரநிலை வெளியிட்டது. 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 அந்த வகை ரேமோடு வந்தது. அது சாதாரண மாடல்களுக்கும் இறங்கி வர வேண்டும். சார்ஜிங் போர்ட்டும் தனிச் சின்ன போர்டில் இருக்கட்டும். அது ஆடிப்போனதற்காக மதர்போர்டில் கை வைக்கும்படி இருக்கக் கூடாது.

பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய யூனியன் விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. மாடல் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நாங்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பும் டி-ஷர்ட்டுக்கு அவர்கள் தரத்தை அப்படியே பின்பற்றுகிறோம். அவர்களுக்காக மாற்றும் லேப்டாப் டிசைனையே இங்கேயும் விற்கட்டும், பேட்டரியும் ஃபேனும் கோவையிலும் ஈரோட்டிலும் கடையில் கேட்டால் கிடைக்கட்டும்.