பிரமிடா, கோப்பையா, கூம்பா: டெஸ்டிங் உழைப்பை எங்கே கொட்டுவது?

புராடக்ட் சரியில்லை என்று புகார் வந்ததும் எந்த டீமிலும் முதலில் கிளம்பும் தீர்மானம், "இன்னும் நிறைய டெஸ்ட் எழுதுவோம்" என்பதுதான். எந்த வகை டெஸ்ட் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆளும் நேரமும் அளவாகத்தான் இருக்கின்றன. ஒரு அடுக்கில் கொட்டும் உழைப்பை இன்னொரு அடுக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் போட்டியில் இருக்கும் வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழகான படத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் சொந்த பக் (மென்பொருள் பிழை) பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பிரமிட்

எல்லோருக்கும் தெரிந்த படம். 2009இல் மென்பொருள் நூலாசிரியர் மைக் கோன் பரவலாக்கியது. அடியில் அகலமாக யூனிட் டெஸ்ட், அதாவது கோடின் ஒரு சின்னத் துண்டைத் தனியாகச் சோதிப்பது; நடுவில் சர்வீஸ் அளவிலான டெஸ்ட், உச்சியில் திரை வழியாக ஓடும் சில டெஸ்ட். கூகுளின் டெஸ்டிங் குழு 2015இல் இதற்கு ஓர் உத்தேசக் கணக்கும் கொடுத்தது: யூனிட் 70 சதவீதம், இன்டகிரேஷன் (பல பகுதிகளைச் சேர்த்துச் சோதிப்பது) 20, எண்ட்-டு-எண்ட் (பயனர் போலத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டுவது) 10.

இதன் பலம் வேகம். ஆயிரக்கணக்கான யூனிட் டெஸ்ட்கள் சில நொடிகளில் ஓடி முடியும். ஒன்று உடைந்தால் எந்த ஃபங்ஷன் என்று நேராகக் கை காட்டும். தள்ளுபடி, வட்டி, வரி, தேதிக் கணக்கு மாதிரி நுணுக்கமான விதிகள் இருக்கும் இடத்தில் இதற்கு மாற்றே இல்லை. நான்கு விதி, ஒவ்வொன்றிலும் மூன்று தெரிவு என்றால் 81 சேர்க்கை; அத்தனையையும் நிஜ டேட்டாபேஸ் வழியாக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

பலவீனம் மாக்கில், அதாவது நிஜப் பகுதிக்குப் பதிலாக டெஸ்ட்டில் வைக்கும் போலியில் இருக்கிறது. ஒரு கூப்பன் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கூப்பன் சர்வீஸ், காலாவதி நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அனுப்புகிறது. ஆர்டர் சர்வீஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. கூப்பன் பக்கத்து டெஸ்ட் பச்சை. ஆர்டர் பக்கத்து டெஸ்ட்டும் பச்சை, ஏனென்றால் அதில் இருக்கும் போலி கூப்பன் சர்வீஸை எழுதியவர் ஆர்டர் டெவலப்பர்தான். அவர் மனதில் இருந்த தப்பான அனுமானமே மாக்கிலும் போய் உட்கார்ந்துவிட்டது. கடைசி நாளில் கூப்பன் போடும் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

இது சின்ன டீம்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 1999 செப்டம்பரில் நாசா தன் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலத்தை இழந்ததும் இப்படி ஒரு எல்லைக்கோட்டில்தான். தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது. வாங்கிய பக்கம் அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது.

கோப்பையும் தேன்கூடும்

அந்த எல்லைக்கோட்டைக் குறிவைத்து வந்ததுதான் அடுத்த வழி. மென்பொருள் பயிற்சியாளர் கென்ட் சி. டாட்ஸ் 2018 வாக்கில் முன்வைத்த கோப்பை வடிவத்தில் நடுப்பகுதிதான் பருமன், அதாவது இன்டகிரேஷன் டெஸ்ட். அதே ஆண்டு ஸ்பாட்டிஃபை பொறியாளர்கள் மைக்ரோசர்வீஸ்களுக்காக (ஒரு மென்பொருளைப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டும் சின்னச் சின்ன சர்வீஸ்கள்) தேன்கூடு என்ற படத்தை வரைந்தார்கள். அதிலும் நடுதான் தடிமன். ஒரு சர்வீஸ் சின்னதாக இருக்கும்போது சிக்கல் அதன் உள்ளே இருப்பதைவிட, மற்றவற்றோடு பேசும் இடத்தில்தான் அதிகம் என்பது அவர்கள் வாதம்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. பிரமிட் பிரபலமான காலத்தில் நிஜ டேட்டாபேஸை டெஸ்ட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. இப்போது டாக்கர் என்ற கருவியில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எழுப்பி, டெஸ்ட் ஓட்டி, தூக்கி எறிவது சாதாரண வேலை. செலவு குறைந்த பிறகும் பழைய விகிதத்தையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, குறை? உடைந்தால் "இந்தப் பக்கம் எங்கேயோ" என்றுதான் சொல்லும், வரி எண்ணைச் சொல்லாது. அப்புறம் டெஸ்ட் டேட்டா. ஒரு டெஸ்ட் விட்டுச்சென்ற வாடிக்கையாளர் பதிவில் அடுத்த டெஸ்ட் தடுக்கி விழும். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளும் ஒழுங்கு இல்லாத டீமில் கோப்பை ஆறு மாதம் தாங்காது.

இருந்தாலும், ஃபார்ம், டேட்டாபேஸ், ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும் வாசல்) என்று ஓடும் சாதாரண பிசினஸ் மென்பொருளுக்கு என் ஓட்டு கோப்பைக்குத்தான்.

கூம்பு

மேலே கனமாக, அடியில் ஒல்லியாக: ஐஸ்கிரீம் கூம்பு. யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, தானாக வந்து சேரும். பிரவுசரை ஓட்டும் ஆட்டோமேஷன் டெஸ்ட்கள் குவிந்திருக்கும், கீழே யூனிட் டெஸ்ட் ஒன்றுமே இருக்காது. டெமோவில் பிரமாதமாக இருக்கும் என்பதால் நிர்வாகத்துக்கும் பிடிக்கும்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 200 எண்ட்-டு-எண்ட் டெஸ்ட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் காரணமே இல்லாமல் 200 முறைக்கு ஒரு முறைதான் உடைகிறது, அதாவது அரை சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 0.995ஐ 200 முறை பெருக்கினால் 0.37 வருகிறது. கோடில் எந்தத் தவறும் இல்லாதபோதே மூன்றில் கிட்டத்தட்ட இரண்டு ஓட்டம் சிவப்பு. லாகின் பட்டன் வருவதற்குள் கிளிக் ஆகிவிட்டது என்று ஒருவர் மூன்று நொடி ஸ்லீப், அதாவது காத்திருக்கும் கட்டளை போடுவார். அடுத்த மாதம் அது ஐந்து நொடியாகும். பிறகு "தோற்றால் மூன்று முறை திரும்ப ஓட்டு" என்று டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பைப்லைனில் ஒரு வரி சேரும். கடைசியில் புலி வருது கதைதான். உண்மையான பக் வந்து சிவப்பு எரியும்போது "ரீ-ரன் கொடு" என்று போய்விடுவார்கள். கூகுளே 2016இல் தன் டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவில் இந்தத் தள்ளாட்டம் இருப்பதாகச் சொன்னது.

ஒரே ஒரு சூழ்நிலையில் நான் கூம்புக்குப் பரிந்து பேசுவேன். டெஸ்ட்டே இல்லாத பழைய கோட். ஒவ்வொரு ஃபங்ஷனும் நேராக டேட்டாபேஸில் கை வைத்திருக்கும், யூனிட் டெஸ்ட் எழுத வேண்டும் என்றால் முதலில் கோடைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் உடையும் என்ற பயம். அங்கே லாகின், ஆர்டர், பணம் செலுத்துதல் என்று தொழிலே நின்றுபோகும் பாதைகளுக்கு மட்டும் பத்துப் பதினைந்து எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் போட்டு, அந்தத் துணிச்சலில் உள்ளே கை வைப்பது சரியான வரிசை.

ஆள் வைத்துப் பார்ப்பது

இதை இரண்டாகப் பிரிக்காமல் பேசினால் வீண் சண்டைதான் மிச்சம். எக்செல் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதே 300 படிகளைக் கையால் ஓட்டுவது இருப்பதிலேயே மோசமான பேரம். மெஷின் வேலையை மனிதருக்குக் கொடுக்கிறோம். தேடல் டெஸ்டிங் வேறு. ஒரு நோக்கம், ஒன்றரை மணி நேரம், கையில் குறிப்பு, அவ்வளவுதான். பணம் போய்க்கொண்டிருக்கும்போது பேக் பட்டன், ஒரே கார்ட்டை இரண்டு பிரவுசர் டேப்களில் திறந்து ஒன்றில் நீக்குவது, பாதியில் நெட்டை அணைப்பது. இதையெல்லாம் முதலில் யோசிக்க ஒரு குறும்பான டெஸ்டர் வேண்டும்.

புரொடக்‌ஷனில் பார்ப்பது

வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்திலேயே, புதிய மாற்றத்தை முதலில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் திறந்துவிட்டு, கிராஃபைப் பார்த்து, பிறகு மற்றவர்களுக்குக் கொடுப்பது. மற்ற வழிகளுக்கு மாற்று என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் மற்ற வழிகள் எல்லாம் கோட்டை விட்டதை இது பிடிக்கும். 2024 ஜூலை 19 அன்று இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய அப்டேட்டில் 21ஆவது ஃபீல்டைப் பார்க்கச் சொல்லும் விதி இருந்தது; கோட் கொடுத்ததோ 20 மட்டும். முந்தைய டெஸ்ட்களில் அந்த 21ஆவது இடத்தில் 'எதுவும் பொருந்தும்' என்ற குறியே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. படிப்படியாக அனுப்பியிருந்தால் முதல் படியிலேயே நின்றிருக்கும்.

ஆனால் இதற்குக் கண்காணிப்பும் உடனடி ரோல்பேக்கும் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) வேண்டும். அவை இல்லாமல் செய்தால் வாடிக்கையாளரைச் சம்பளம் இல்லாத டெஸ்டர் ஆக்குகிறோம் என்று பொருள்.

எதை எடுப்பது

வாடிக்கையாளர் வரை போன கடைசி ஐம்பது பக்கை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: எந்த அடுக்கு இதைக் குறைந்த செலவில் பிடித்திருக்கும்? கணக்குத் தவறுகள் அதிகம் என்றால் பிரமிட். இரண்டு சர்வீஸ்கள் ஒன்றை ஒன்று தப்பாகப் புரிந்துகொண்டவை அதிகம் என்றால் கோப்பை. "இப்படிக்கூட யாராவது பயன்படுத்துவார்களா?" வகை என்றால் தேடல் டெஸ்டிங்குக்கு நேரம் ஒதுக்குங்கள். கவரேஜ், அதாவது டெஸ்ட் ஓடும்போது கோடில் எவ்வளவு ஓடுகிறது என்ற அளவு, 80 சதவீதம் என்று இலக்கு வைத்துத் தொடங்க வேண்டாம். விடை சரியா என்று பார்க்கும் அசர்ட்டே இல்லாத டெஸ்ட்டும் கவரேஜைக் கூட்டும்.

மொபைல் ஆப் செய்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். வெர்ஷன் ஒருமுறை போனில் இறங்கிவிட்டால் திரும்பப் பிடுங்க முடியாது, திருத்தமும் ஸ்டோர் அனுமதிக்குக் காத்திருக்கும். அங்கே எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தப்பில்லை. புதிய அம்சம் ஒவ்வொன்றையும் சர்வரிலிருந்து அணைக்கக்கூடிய ஃபீச்சர் ஃபிளாக்குக்குள் வைத்தே அனுப்புங்கள்.