திருநெல்வேலியில யாருக்குடே ஹீட்டர்? எங்க மாருதி 800க்கு தண்ணி ஓஸ் மாத்துன பட்டறை பத்தி

வண்ணார்பேட்டை பக்கம் ஒரு சின்ன பட்டறை. தகர ஷெட்டு, வாசல்ல ஒரு வேப்பமரம், அண்ணாச்சி, கூட ஒரு பையன், அவ்வளவுதான். பேரு போடல, அண்ணாச்சியே வேண்டாம்னுட்டாரு. "ஏற்கெனவே அஞ்சு வண்டி உயிருக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு, நீ வேற எழுதி ஆளக் கூட்டிட்டு வந்துராத தம்பி"ன்னாரு. அதனால வேலைய பத்தி மட்டும் எழுதுதேன், பழைய வண்டி வச்சிக்கிட்டு ஓஸ் மாத்த அலையுதவனுக்கு எந்த மாதிரி ஆளத் தேடணும்னு தெரிஞ்சா போதும்லா.

வண்டி எங்கப்பா வாங்குன 91 மாடல் 800. மூணு சிலிண்டரு, 796 சிசி, கார்புரேட்டர். இத போயி கிளாசிக்குன்னு சொல்லுதியேன்னு சிரிக்கவங்க சிரிச்சிக்கோங்க, கவர்மெண்டு கணக்குக்கும் 50 வருஷம் தாண்டுனாத்தான் விண்டேஜு, 83 டிசம்பர்ல வித்த முதல் 800க்கே அது இன்னும் ஆகல. ஆனா 2014 ஜனவரியோட கம்பெனி இத நிறுத்திட்டு, எங்க வீட்டுல இது அப்பாவுக்கு அப்புறம் மூத்த ஆளு மாதிரி நிக்கு, அது போதும் எனக்கு.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சிதுன்னா, போன மே மாசம், அக்னி நட்சத்திரம், நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்கு நாலுவழிச் சாலையில போயிட்டு இருக்கோம். கொஞ்ச நாளாவே வண்டிக்குள்ள ஒரு இனிப்பு வாசம், வெல்லப்பாகு லேசா தீஞ்ச மாதிரி, வீட்டுக்காரி "பின்னாடி ஏதாவது பலகாரம் கொட்டிட்டா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவ கால் வைக்க எடத்துல கார்பெட்டு பிசுபிசுன்னு இருந்துச்சி, முன் கண்ணாடியில எண்ணெ தடவுன மாதிரி ஒரு படலம், தொடைக்க தொடைக்க வருது. இதெல்லாம் ஹீட்டர் பக்கம் கூலன்ட் (இஞ்சின் சூட்ட ஆத்த உள்ள சுத்துத மருந்துத் தண்ணி) கசியுதுன்னு வண்டி சொல்லுத பாஷை. எனக்கு அப்போ புரியல, பெர்ஃபியூம் டப்பா வாங்கி மாட்டுனேன், அவ்வளவு புத்திசாலி.

மூன்றடைப்பு தாண்டி கொஞ்ச தூரத்துல இஞ்சின் சூடு காட்டுத முள்ளு ஏறுது. பாதியில நிக்க முள்ளு முக்காலுக்கு வந்துட்டு. அப்போதான் எங்கப்பா எப்பவோ சொன்னது ஞாபகம் வந்து ஹீட்டர முழுசா தெறந்து, புளோயர ஃபுல்லுல வச்சி, நாலு கண்ணாடியயும் எறக்கி விட்டேன். ஹீட்டருங்கிறது டேஷ்போர்டுக்கு அடியில இருக்க ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இஞ்சின் சூட்ட அது வழியாவும் வெளிய தள்ளலாம். மே மாசம், மத்தியானம், கால்ல அனல் அடிக்கி. பட்டுச்சேல கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கவ "என்னங்க, கிறுக்கு புடிச்சிட்டா"ன்னு கேட்டது இன்னும் காதுல கெடக்கு. ஆனா முள்ளு எறங்குச்சி. ஒரு பதனீ கடை வரைக்கும் உருட்டிட்டு வந்து நிப்பாட்டிட்டேன். அங்க ஒரு நல்ல மனுஷன் துண்ட சுருட்டிக்கிட்டு ரேடியேட்டர் மூடிய தெறக்க வந்துட்டாரு, கையப் புடிச்சி நிறுத்த வேண்டியதாப் போச்சி. மூடியில 0.9னு அடிச்சிருக்குல்லா, அந்த அழுத்தம் இருக்கதாலதான் 100 டிகிரியில கொதிக்க வேண்டிய தண்ணி 118 வரைக்கும் அடங்கி கெடக்கு, மூடிய தெறந்த நிமிஷம் அழுத்தம் போயி மொத்தமும் கொதிச்சி மூஞ்சிலதான் அடிக்கும். முக்கா மணி நேரம் காத்திருந்து, ரெண்டு பட்டை பதனீ குடிச்சிட்டு, அப்புறம் தண்ணி ஊத்தி பைய போயிச் சேந்தோம். தாலி கட்டுனது பாக்கல, சாப்பாடு மட்டும் கெடச்சிது.

திரும்பி வந்து முதல்ல போனது வேற ஒரு பட்டறை. அங்க மெக்கானிக்கு பானட்ட தெறந்து பாத்துட்டு சொன்ன முதல் வார்த்தையே "திருநெல்வேலியில யாருக்குடே ஹீட்டரு"தான். இஞ்சின்ல இருந்து ஹீட்டருக்கு போற ஓஸு ஒண்ணு, வாரது ஒண்ணு, ரெண்டயும் உருவிட்டு ஒரு துண்டு டியூப வளச்சி மாட்டி பைபாஸ் பண்ணிட்டாரு, பத்து நிமிஷம், 200 ரூவா. சரியான ஓஸுல ஒழுங்கா செஞ்சா பைபாஸ் தப்பில்ல, நம்ம ஊருல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது. ஆனா அவரு மாட்டுனது கேஸ் அடுப்பு டியூப்பு மாதிரி ஒண்ணு. ஒம்பதாவது நாள் அது சூட்டுல கொழகொழன்னு ஆகி கிளிப்பு பக்கத்துல பிதுங்கி, மாவட்ட மைய நூலகம் போற வழியில ரோட்ட நனச்சிட்டு.

அடுத்த கூத்து நானே பண்ணுனது. ஆன்லைன்ல நீலக் கலர்ல பளபளன்னு சிலிகான் ஓஸ் செட்டு, பாக்க பாம்பு மாதிரி அழகா இருந்துச்சி, 2,900 ரூவா. வந்து பாத்தா டாப் ஓஸ் (ரேடியேட்டர் மேல்பக்கம் மாட்டுதது) வளைவு வேற ஏதோ வண்டிக்கானது, மாட்டுனா நடுவுல மடங்கி நிக்கு. சிலிகான் சூடு நல்லா தாங்கும், அதுல சந்தேகமில்ல, ஆனா ஆளு மெத்து. சாதா பல்லு கிளிப்பு போட்டா அந்த பல்லு இடுக்குல ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும், அதுக்குன்னு உள்பக்கம் வழவழன்னு இருக்க கிளிப்பு தனியா வாங்கணும். வாங்கல. நீலப் பாம்பு இப்போ மாடியில தொட்டிச் செடிக்கு தண்ணி விடுது.

இப்படி ரெண்டு எடத்துல காசு விட்ட பொறவுதான் இந்த அண்ணாச்சிட்ட போனேன். அவரு முதல்ல எதையும் கழட்டல. வண்டி ஆறுன பொறவு ஒவ்வொரு ஓஸயும் ரெண்டு விரலால அமுக்கிக்கிட்டே வந்தாரு. பாட்டம் ஓஸ் கல்லு மாதிரி, டாப் ஓஸ் நடுவுல நல்லாத்தான் இருந்துச்சி, ஆனா கிளிப்பு பக்கத்துல அமுக்குனா உள்ளுக்குள்ள நொறுக்குன்னு ஒரு சத்தம், முறுக்க கடிச்ச மாதிரி. கழட்டி பிளேடால நெடுக கீறி விரிச்சி காமிச்சாரு. வெளிய ஒரு கீறல் கெடையாது, உள்ள ரெண்டு நுனியிலயும் நீளநீளமா வெடிப்பு. கூலன்ட்ட வருஷக்கணக்கா மாத்தாம விட்டா அதுல இருக்க மருந்து செத்துப் போயி, இஞ்சின் ஒரு உலோகம், ரேடியேட்டர் ஒரு உலோகம், நடுவுல இந்த தண்ணி, பேட்டரி மாதிரி ஆயி ரப்பர உள்ள இருந்தே கீறுமாம். வெளிய தொடச்சி பாத்துட்டு ஓஸ் புதுசாட்டம் இருக்குன்னு சொல்லுத ஆளுங்கள நம்பாதீங்க, நான் 6 வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கு மேலதான் நெசமான வில்லன். இஞ்சினுக்கு பின்னால வாட்டர் பாடிக்கு, அதான் தண்ணிய சுத்த விடுத பம்புக்கு, தண்ணி கொண்டு போற இரும்புக் கொழாய் ஒண்ணு இருக்கு. அண்ணாச்சி அத உருவி எடுத்து ஸ்க்ரூடிரைவர் நுனியால லேசா குத்துனாரு, பொத்துக்கிட்டு உள்ள போயிட்டு. பையன் வாய பொத்திக்கிட்டு சிரிக்கான். இத்தன வருஷம் போர் தண்ணியயும் குழாத் தண்ணியயும் மாத்தி மாத்தி ஊத்துனதுக்கு கெடச்ச பரிசு. ஓஸ் மட்டும் மாத்திட்டு அனுப்பியிருந்தா ஒரு மாசத்துல மறுபடி ரோட்டுல நின்னிருப்பேன். முதல் பட்டறைக்காரரு இந்த கொழாய திரும்பிக்கூட பாக்கல.

புதுக் கொழாய் உடனே கெடைக்கல, லேத்துல குடுத்து எவர்சில்வர் கொழாயில செஞ்சி வாங்குனாரு. வந்தத பாத்து எனக்கு ஒரே சந்தோசம், அண்ணாச்சி திருப்பி குடுத்துட்டாரு. ஏன்னா நுனியில வளையம் இல்ல. ஓஸ் மாட்டுத எடத்துல கொழாயச் சுத்தி ஒரு சின்ன மேடு இருக்கணும், கிளிப்பு அந்த மேட்டுக்கு பின்னால ஒக்காரணும், அந்த மேடு இல்லன்னா அழுத்தம் ஏறும்போது கிளிப்ப எவ்வளவு முறுக்குனாலும் ஓஸ் வழுக்கிட்டு வந்துரும். ரெண்டு நாள் அதுக்கே போயிட்டு. எனக்கு அப்போ எரிச்சல்தான், இப்போ இல்ல.

பொறவு அரை நாள் முழுக்க உப்புத்தாள வச்சி தேய்ப்பு. தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடானதும் தண்ணிக்கு வழி தெறக்க வால்வு) மூடி, ரேடியேட்டர் வாய், ஹீட்டர் கொழாய் ரெண்டும், எல்லா நுனியிலயும் வெள்ளையா பொருக்கு தட்டிப் போயி கெடந்துச்சி, வெந்நி போடுத பாத்திரத்து அடியில படியுமே அது மாதிரி. விரலால தடவி தடவி பாத்து, ஒரு சொரசொரப்பு கூட இல்லாத வரைக்கும் பையன விடல. "ஓஸ் எவன் வேணும்னாலும் மாட்டுவான் தம்பி, கொழாய் வாய்தான் ஒழுகும்"ன்னு சொல்லிக்கிட்டே டீ குடிக்கப் போயிட்டாரு, தேய்ச்சது பூரா பையன்தான்.

ஹீட்டருக்கு அஞ்சு நூல் ஓஸ், அதாவது 5/8 இஞ்சு, உள்ள நூல் பின்னுன தண்ணி ஓஸ், மீட்டர் கணக்குல வெட்டி வாங்குனது. பெட்ரோல் ஓஸ் வேற இது வேறன்னு கடையிலயே கேட்டு வாங்கணும். பெட்ரோல் ஓஸ் இந்த சூட்டுத் தண்ணிக்கு ஒத்துவராது, தண்ணி ஓஸ் எண்ணெ பட்டா ஊதிப்போகும். அதனாலதான் மாட்டும்போது கிரீஸ் தடவ விடல, சோப்புத் தண்ணிதான். கிளிப்பு தலை எல்லாம் ஸ்க்ரூடிரைவர் நேரா போற பக்கம் திருப்பி வச்சாரு பாருங்க, அதுலயே எனக்கு மனசு நெறஞ்சிட்டு.

ஹீட்டர் வேணுமான்னு அவரும் கேட்டாரு. மூன்றடைப்பு கதைய சொன்னேன். "அப்போ உமக்கு விஷயம் தெரியும்"னாரு, தம்பியில இருந்து உமக்கு ஆயிட்டேன்.

பழைய கூலன்ட்ட எறக்குனப்போ டீ மாதிரி செங்காவி நெறத்துல வந்துச்சி. ஒரு பேசின்ல புடிச்சி மேல பலகைய வச்சி மூடிட்டாரு. இனிப்பா இருக்கும்லா, தெருநாய் நக்குனா செத்துரும், வெஷம் அது. இந்த ஒரு காரியத்துக்கே ஒரு ஸ்டார் குடுப்பேன். அலசுறதுக்கு தாமிரபரணி தண்ணி, ஊத்துறதுக்கு டிஸ்டில் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்கு பாதி. "ஆத்துத் தண்ணி அல்வாவுக்கு நல்லாருக்கும், அதுக்காக ரேடியேட்டருக்கு ஊத்துவியா"ன்னு ஒரு அதட்டல்.

தண்ணி ஊத்தும்போது உள்ள மாட்டிக்கிட்ட காத்த வெளிய எடுக்கதுதான் முக்கியம், நெறைய பேரு இதுல கோட்ட விடுவாங்க. வண்டி மூக்கு மேல பாத்து நிக்க மாதிரி பட்டறை வாசல் சரிவுல ஏத்தி, ஹீட்டர் வால்வ முழுசா தெறந்து, ஆறி இருக்கும்போதே மூடிய கழட்டிட்டு ஒரு தண்ணி பாட்டில வெட்டி புனலா சொருகி, ஸ்டார்ட் பண்ணி விட்டாரு. குபுக்கு குபுக்குன்னு குமிழி வருது, மட்டம் எறங்க எறங்க ஊத்துதாரு. 82 டிகிரிக்கு தெர்மோஸ்டாட் தெறந்ததும் ஒரே மடக்குல தண்ணி உள்ள போச்சி, டாப் ஓஸ் சூடாயிட்டு, டேஷ்போர்டுக்குள்ள ஓடை மாதிரி கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் நின்னுட்டு. ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்க வரைக்கும் ஆஃப் பண்ணல. மறுநாள் ஆறுன வண்டிய வரச்சொல்லி எல்லா கிளிப்பயும் இன்னொரு கால் சுத்து முறுக்கி விட்டாரு, அதுக்கு காசு வாங்கல.

செலவு: டாப், பாட்டம் ஓஸ் 640, ஹீட்டர் ஓஸ் 380, கிளிப்பு 10க்கு 350, கொழாய் செஞ்சது 700, தெர்மோஸ்டாட்டும் மூடியும் 620, கூலன்ட், தண்ணி 750, கூலி 2,000. மொத்தம் 5,440. ஹெட்டு அலுமினியம், ஒருக்கா நல்லா சூடாகி வளஞ்சிருந்தா இதவிட எங்கயோ போயிருக்கும்.

கொற இல்லாம இல்ல. மூணு நாள்னு சொல்லி 11 நாள் ஆக்குனாரு. போன் எடுக்க மாட்டாரு, எடுத்தாலும் "இந்தா முடிஞ்சிட்டு"ம்பாரு, போயி பாத்தா பானட்டு மேல பூனை படுத்திருக்கும். பில்லு கெடையாது, காலண்டர் தாள கிழிச்சி பின்னாடி எழுதித் தந்தாரு. ஹீட்டர் லீவர் கேபிள் கிளிப்பு ஒண்ண ஒடச்சிட்டாங்க, கம்பி வச்சி கட்டியிருக்கு, அத அவரா சொல்லல, நானா கண்டுபிடிச்சி கேட்டதுக்கு "ஆமா, அது ஒடஞ்சிட்டு"ன்னாரு. சீட்டுல கிரீஸ் கை. அஞ்சுக்கு நாலு குடுக்கேன், கார்பெட்டு வாசம் முழுசா போயிருந்தா நாலர.

ஜூன்ல குத்தாலத்துக்கு போனோம், நல்ல சாரல், கண்ணாடி பூரா ஆவி அடிச்சி ஒண்ணும் தெரியல, ஹீட்டர லேசா தெறந்து மேல திருப்பி விட்டேன், ஒரு நிமிஷத்துல தெளிஞ்சிட்டு. பக்கத்துல இருந்தவ ஒண்ணும் சொல்லல, கால மட்டும் சூடு வருத பக்கம் நீட்டிக்கிட்டா.

பேரு போடாமலே எப்படியாவது கண்டுபிடிச்சி போறவங்க பழைய ஓஸ தூக்கிப் போடாம சாம்பிளுக்கு கொண்டு போங்க. ஞாயித்துக்கெழம லீவு. காலையில 10 மணிக்கு முன்னாடி போயி பிரயோஜனம் இல்ல, ஷட்டர் தெறந்திருந்தாலும் அண்ணாச்சி எதுத்த டீக்கடையிலதான் இருப்பாரு, அங்கயே போயி பேசிக்கோங்க, வேலைய பத்தி பேசுனா டீ அவரு கணக்கு.