சுற்றுச்சூழல் சட்டமா, பொருளாதாரத் தடைச் சட்டமா?

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வக்கீலாக வர நினைக்கும் தம்பி தங்கைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

சுற்றுச்சூழல் சட்டம் என்றால் காலில் சேறு படும். திருப்பூர் சாயப்பட்டறைக்கு ஆலோசனை சொல்ல, 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று நேரில் பார்க்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையில் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்றிருக்கும். மீட்டர் வேறு கணக்குச் சொல்லும். அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்பவர்தான் நல்ல வக்கீல். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை பேருடைய கூலி நின்றது! நொய்யல் கரை விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டதால்தான் அந்த வழக்கே வந்தது.

தடைச் சட்டம், அதாவது இன்ன நாட்டோடும் இன்ன ஆட்களோடும் வியாபாரம் கூடாது என்று ஒரு நாடு போடும் சட்டம், பெரும்பாலும் மேஜை வேலை. சரக்கு யாருக்குப் போகிறது, பணம் எந்த வங்கி வழியே வருகிறது, கப்பல் யாருடையது? அமெரிக்க விதிப்படி, தடைப்பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் முடக்கப்பட்டதுதான்; அதோடு கொடுக்கல் வாங்கல் கூடாது. பிரிட்டனில் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். கட்டுப்பாடு கையில் இருந்தாலும் போதும். ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்ப முடியாது.

என் ஓட்டு சுற்றுச்சூழலுக்கே. முதலில் சென்னையில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் உட்கார்ந்து வாதங்களைக் கேளுங்கள். அப்புறம் தடைச் சட்டத்துக்காக லண்டன் போவதைப் பற்றி யோசிக்கலாம்.