நொதி வினையை நிறுத்த: பனிக்கட்டியா, கொதிநீரா?
பனிக்கட்டி நொதியைக் கொல்வதில்லை, மந்தமாக்குகிறது. ஒவ்வொரு 10 டிகிரி இறக்கத்துக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகும். 37 டிகிரிக்குத் திரும்பினால் அமைலேஸ் என்ற நொதி மறுபடி மாவுப்பொருளை உடைக்கத் தொடங்கிவிடும். ஆகவே சில நிமிடத் தாமதத்துக்கு மட்டுமே அது உதவும்.

கொதிநீரில் 5 நிமிடம் வைத்தால் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து புரதத்தின் மடிப்பு குலையும். பெரும்பாலான நொதிகள் பிறகு மீளா. ஆர்.என்.ஏ.வை உடைக்கும் ரைபோநியூக்ளியேஸ்-ஏ போன்ற பிடிவாதக்கார நொதிகள் விதிவிலக்கு.

நிரந்தரமாக நிறுத்தக் கொதிநீரே சரி. ஆனால் தடித்த குழாயில் நிறைய கரைசல் ஊற்றினால் சூடு மெல்ல ஏறும். இடையில் 40 டிகிரியைக் கடக்கும்போது வினை இன்னும் வேகமெடுத்து அளவீட்டைக் கெடுக்கும். மெல்லிய குழாயில் 1 மில்லிலிட்டர் போதும். மாவுப்பொருள் மிச்சமிருக்கிறதா என்று நீல நிறத்தால் காட்டும் அயோடினைச் சேர்ப்பதற்கு முன் ஆறவிடுங்கள்: சூட்டில் நீல நிறம் மறைந்துவிடும், மாவே இல்லை என்று ஏமாந்துபோவீர்கள்.