ஆறு வருடமாக ஒரே ஏர் ரைஃபிள்: சோழவந்தான் தோப்பு அனுபவம்

2019 தை மாதம் வாங்கியது. இந்தியத் தயாரிப்பு, பேரலை (குழாயை) மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர். இதுவரை பதினோராயிரம் பெல்லட்டுக்குப் (சின்ன ஈயக் குண்டு) பக்கமாகச் சுட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை, எந்தப் பெல்லட், எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருப்பதால் இந்தக் கணக்கைச் சொல்ல முடிகிறது.

வாங்கும்போது கடைக்காரர் வேகத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். நொடிக்கு ஆயிரம் அடி என்று பெட்டியிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த வேகம் எடை குறைந்த பெல்லட்டுக்குத்தான் வரும். 2016 ஆயுத விதிகளின்படி குழாய் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். நான் வழக்கமாகப் போடும் 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 250 மீட்டரில் போனால் பதினாறரை ஜூல் வரும். காகித அட்டையில் குறி பார்த்துச் சுட அது தாராளம். வேகத்தை நம்பி முதல் வருடத்தை வீணடித்தேன் என்பதை இப்போது வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த வருடம் கிடைத்த பெல்லட்டையெல்லாம் போட்டேன். 25 மீட்டரில் ஐந்து குண்டு ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். பேரல் கோணல் என்றே முடிவு கட்டிவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் போனில் புலம்பியபோதுதான் வழி தெரிந்தது. அவன் அங்கே லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். 2001-இல் வந்த .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் தோட்டாவைத் தானே வீட்டில் நிரப்புகிறான். குட்டையான, தடித்த பித்தளைக் கூடு. அதில் போகும் வெடிமருந்து, தலையில் உட்காரும் குண்டு, கூட்டின் நீளம் எல்லாவற்றையும் எடை போட்டு அளந்து ஒன்றுபோல் வைப்பானாம். "அண்ணே, துப்பாக்கியைக் குறை சொல்லாதீங்க. ஒரு குண்டும் அடுத்த குண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு முதல்ல பாருங்க" என்றான். அவன் தோட்டாவின் ஆற்றல் நாலாயிரத்து எழுநூறு ஜூலுக்குப் பக்கம், என்னுடையது பதினாறரை. ஆனாலும் அவன் சொன்னது இரண்டுக்கும் பொருந்தியது.

பெல்லட்டை எடை போட எங்கே போவது? மதுரை தெற்காவணி மூல வீதியில் எனக்குத் தெரிந்த பத்தர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வைத்திருப்பவர். டப்பாவைத் திறந்ததும் பதறிவிட்டார். "தம்பி, ஈயத்தை என் தட்டுல வைக்காதப்பா. தங்கத்துல துளி கலந்தாலும் அடிக்கிறப்ப வெடிச்சுப் போயிரும்" என்றார். அப்புறம் மனசு இளகி, வாசலுக்குப் பக்கத்தில் பழைய தராசு ஒன்றை எடுத்து வைத்து, தட்டில் காகிதம் விரித்து, இடுக்கியும் கொடுத்தார். ஒரே டப்பாவில் 0.50 கிராமும் இருந்தது, 0.56 கிராமும் இருந்தது. சில பெல்லட்டுகளின் பாவாடை ஓரம் நசுங்கியிருந்ததும் அந்த மேசை விளக்கில்தான் தெரிந்தது. பின்பக்கம் விரிந்திருக்கும் அந்தப் பாவாடைதான் பேரலுக்குள் காற்றை அடைக்கிறது. அது நசுங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் காற்று வெவ்வேறு அளவில் கசியும்.

மறுவாரமே சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டேன். 500 பெல்லட் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். 0.52 முதல் 0.54 வரை உள்ளவை ஒரு டப்பாவில், மற்றவை பழகுவதற்கு. தலை தட்டையானது, உருண்டையானது, கூரானது மூன்றையும் சோதித்ததில் என் பேரலுக்கு உருண்டைத் தலைதான் ஒத்துப் போனது. 10 மீட்டருக்குத் தட்டைத் தலை அருமை. அட்டையில் ஓட்டையைச் சுத்தமாக வெட்டும். கூர்த்தலை எனக்கு எந்தத் தூரத்திலும் சரிப்படவில்லை. இப்போது 25 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிற நாட்கள் நிறைய.

பிடிக்கும் விதமும் பெல்லட் அளவுக்கு முக்கியம். ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்றைத் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் நகரும், பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னால் உதைக்கும். பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே இதெல்லாம் நடந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் பிடி மாறும்போதெல்லாம் குறியும் மாறும். மணல் மூட்டை மேல் இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் துப்பாக்கி சும்மா கிடக்க வேண்டும். தோளில் பட்டும் படாமலும் இருந்தால் போதும். இந்த உதையில் என் முதல் டெலஸ்கோப்பின் உள்ளே இருந்த குறிக்கம்பி மூன்றே மாதத்தில் கழன்று சாய்ந்துவிட்டது. ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த, 10 மீட்டருக்கும் தெளிவாகத் திருப்பிக்கொள்ளக் கூடிய டெலஸ்கோப்தான் வாங்க வேண்டும்.

2021-இல் ஒரு பெரிய தப்பு செய்தேன். சத்தம் கரகரவென்று இருக்கிறதே என்று காற்று வரும் துளையில் தையல் மிஷின் எண்ணெய் நான்கு சொட்டு விட்டேன். அடுத்த சூட்டில் பட்டாசு போல வெடித்து, பேரல் வாயில் வெள்ளைப் புகை வந்தது, கருகின வாடை அடித்தது. உள்ளே காற்று அழுந்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் சீல் போய்விட்டது. பிரித்தபோது ஸ்பிரிங்கும் இரண்டு விரல்கடை குறைந்திருந்தது. ஏற்றி வைத்தபடியே டீ குடிக்கப் போகிற என் பழக்கமும் அதற்கு ஒரு காரணம். முதலில் ஒரு கடையில் போட்டுத் தந்த ஸ்பிரிங் தடிமன் கூடியது, ஏற்றவே முடியவில்லை. மறுபடியும் கம்பெனி ஸ்பிரிங், சீல் வரவழைத்துப் போட்டேன். அன்றிலிருந்து எண்ணெய் வெளிப்புறத்துக்கு மட்டும்தான். பெல்லட் இல்லாமல் ஒருநாளும் சுடுவதில்லை.

ஆரம்பத்தில் திருநகர் வீட்டு மொட்டை மாடியில் சுட்டேன். அதை இரண்டே வாரத்தில் நிறுத்தினேன். நாலாபக்கமும் வீடுகள், கொடியில் துணி காயப்போட வருகிறவர்கள்; ஒரு பெல்லட் தெறித்தாலும் ஒரு கண் போய்விடும். இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாமாவின் தென்னந்தோப்பில்தான். மண் கரைக்கு முன்னால் மணல் நிரப்பிய பெட்டி, அதில் அட்டை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை, எல்லாம் ஈயம்.

மாமா ஒருநாள் தக்காளிப் பாத்தியைக் காட்டி, "மாப்ள, இந்த மயில ஒரு தட்டு தட்டுடா, பூரா கொத்திருச்சு" என்றார். அவர் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் சிறை. சட்டத்தை விடுங்கள், பதினாறு ஜூல் பெல்லட் அதை உடனே கொல்லாது; உடம்பில் ஈயத்தோடு எங்கேயோ புதரில் கிடந்து சாகும். முயல், காட்டுப்பன்றி, கொக்கு எதுவானாலும் என் பதில் இதுதான். மாமாவுக்குப் பழைய மீன் வலை வாங்கிக் கொடுத்தேன், பாத்தி மேல் கட்டினோம்.

இந்த வருடம் மகள் பள்ளி விடுமுறையில் ரைஃபிள் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். கடலூரில் பிறந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படத்தை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள். 10 மீட்டர் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அங்கே கொடுப்பது ஸ்பிரிங் இல்லாத, காற்று அடைத்த சிலிண்டர் துப்பாக்கி, உதையே கிடையாது. அதில் பழகிவிட்டுத் தோப்புக்கு வந்து என் துப்பாக்கியை எடுத்தவள் முதல் ஐந்தையும் இறுக்கிப் பிடித்துச் சிதறவிட்டாள். அடுத்த ஐந்துக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவளே இடது கையை விரித்து வைத்தாள். அந்த அட்டை இப்போது அவள் மேசையில் இளவேனில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.