தீம் பார்க்குக்கு வளர்ந்த பாம் மரம் வாங்கப் போகிறீர்களா? எங்கள் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

வாரண்டி முடிந்து பதினோராவது நாள். ராயல் பாம் வரிசையில் ஒரு மரத்தின் குருத்து மட்டும் நிறம் மங்கியிருக்கிறது என்று தோட்டத்து ஆள் வந்து சொன்னார். தூக்கு வண்டியில் ஏறிப் போய்க் குருத்தைப் பிடித்து இழுத்தேன். இழுத்தேன் என்று சொல்வதே அதிகம், பிடித்தேன், அவ்வளவுதான். ஆள் உயரக் குருத்து, உறையிலிருந்து வாளை உருவியது போலக் கையோடு வந்துவிட்டது. அடிமுனை பழுப்பாகக் கூழாகியிருந்தது. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம், அன்று முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கீழே இருந்து பார்த்தால் மற்ற மட்டையெல்லாம் நல்ல பச்சை. அதன் நிழலில் ஒரு குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

தென்னையோடு பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தென்னை, பனை, ஈச்சை எல்லாம் சேர்ந்த இந்தப் பாம் குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்து அழுகினால் மரம் முடிந்தது. பக்கத்தில் கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் முடிந்துவிட்டது என்று அது உடனே காட்டிக்கொள்வதும் இல்லை. எங்கள் பணம் போனது இந்த இடைவெளியில்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். பூங்காவில் தீவு மாதிரி ஒரு புதுப் பகுதி, நடுவில் அலைக்குளம். அதற்கு 60 பாம் மரங்கள், எல்லாம் வளர்ந்த மரங்கள். நடைபாதையின் இரு பக்கமும் ராயல் பாம் 24, குளக்கரையில் தென்னை 20, நுழைவாயிலில் விசிறி ஓலை கொண்ட வாஷிங்டோனியா 12, நடு வட்டத்தில் கேனரி ஈச்சை 4. மரம் கொண்டுவருவது, நடுவது, ஓராண்டு பராமரிப்பது எல்லாம் ஒரே கான்ட்ராக்டர். தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். தலைவலி மிச்சம் என்று மொத்தமாகக் கொடுத்தோம். அந்தத் தலைவலியைத்தான் இப்போது வட்டியோடு சேர்த்து அனுபவிக்கிறோம்.

மனுஷன் பேச்சில் கெட்டிக்காரர். முதல் கூட்டத்திலேயே டிஸ்னிலேண்ட் கதையை எடுத்தார். அங்கே ஜங்கிள் குரூஸ் என்ற படகுச் சவாரி பக்கத்தில் ஒரு கேனரி ஈச்சை நிற்கிறது. 1896-ல் திருமணப் பரிசாக வந்து ஒரு பண்ணையில் நட்ட மரம். 1955-ல் பூங்கா திறந்தபோது அந்தப் பண்ணை நிலம் வாகன நிறுத்துமிடம் ஆனது, மரத்தை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோய் உள்ளே நட்டார்கள். “அறுபது வயது மரம் சார், இன்றைக்கும் நிற்கிறது. உங்களுடையதெல்லாம் பத்து வயசுக் குழந்தைகள்” என்றார். கதை உண்மைதான், நானே பிறகு சரிபார்த்தேன். அவர் சொல்லாமல் விட்ட பாதி, அந்த மரத்தோடு போன மண். பெயர்த்த எடை சுமார் 15 டன் என்பார்கள். எங்கள் மரங்களோடு வந்த மண்ணை ஒரு தள்ளுவண்டியில் அள்ளிப்போட்டுவிடலாம்.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது லாரிகள் வந்தன, அதுவும் ராத்திரியில். வேர்க்கட்டு, அதாவது வேரோடு சேர்த்து எடுக்கும் மண்கட்டி, தூரை ஒட்டிச் சுரண்டி எடுத்த மாதிரி இருந்தது. “இது பாம் சார், ஆலமரம் இல்லை, வேர் இவ்வளவுதான்” என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அது பாதி உண்மை என்று பிறகு தெரிந்தது. வேர் வெட்டுப்பட்டால் எல்லாப் பாம் மரமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தென்னையில் வெட்டிய வேர்களில் ஏறக்குறைய பாதி பிழைத்து மறுபடி கிளைக்கும், எவ்வளவு கிட்டே வெட்டினாலும் அது பெரிதாக மாறாது. சபால் என்ற அமெரிக்கப் பனை வகையில் வெட்டிய வேர் அநேகமாக எல்லாமே சாகும், தண்டின் அடியிலிருந்து புதிதாகத்தான் விட வேண்டும். அதனால்தான் அதைப் பெயர்க்கும்போது மட்டை முழுவதையும் கழித்து மொட்டையாக நடுவார்கள். ராயல் பாம் இன்னொரு ரகம்: தண்டை ஒட்டி வெட்டிய வேர் போய்விடும், தள்ளி வெட்டினால்தான் ஒரு பங்காவது தேறும். ஆக வேர்க்கட்டு பெரிதாக வேண்டியது ராயலுக்கு. எங்களுக்கு வந்ததோ தென்னைக்கும் ராயலுக்கும் ஒரே அளவு. குளக்கரைத் தென்னை 20-ல் 18 இன்றும் நிற்பதற்குக் காரணம் கான்ட்ராக்டர் இல்லை, தென்னை.

மட்டைகளையும் குறைக்கவில்லை. பெயர்த்து நடும்போது பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு மட்டையைக் கழித்து, மீதியைக் குருத்தைச் சுற்றிக் கட்டி வைப்பதுதான் வழக்கம். வேர் இல்லாத மரத்தில் அத்தனை ஓலையும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருந்தால் தாங்காது. திறப்பு விழாவுக்குக் கொண்டை நிறைந்து இருக்க வேண்டும் என்று கட்டை அவிழ்த்து முழுசாக விரித்து வைத்தார். இதில் எங்கள் மேலும் தப்பு உண்டு, நிறைவாகத் தெரிய வேண்டும் என்று கேட்டது நாங்கள்தான். ஆனால் கூடாது என்று சொல்வதற்குத்தானே வேலை தெரிந்தவருக்குப் பணம் கொடுக்கிறோம்?

இனி நான் இன்றும் பல்லைக் கடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ராயல் பாம் எல்லாம் ஒரே உயரம் என்றுதான் ஒப்பந்தம். வந்தவை ஏறுமாறாக இருந்தன, குட்டைக்கும் நெட்டைக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம். “கவலையே வேண்டாம், நாளைக்குப் பாருங்கள்” என்றார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் 24 மரமும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கின்றன! தலைமைப் பொறியாளர் கையைக் குலுக்கிப் பாராட்டினார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். நெட்டை மரத்துக்கெல்லாம் ஆழமாகக் குழி வெட்டி இறக்கியிருக்கிறார் என்பது அப்போதே தெரியும். அது ஒரு சாமர்த்தியம் என்றுதான் நினைத்தோம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, நாங்கள் மரத்தை விட்டோம்.

தூரில் வேர் கிளம்பும் வட்டம் மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழே இருக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. போனால் வேருக்குக் காற்று கிடைக்காது. இதன் விளைவு சில இடங்களில் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு வரும். எங்கள் இடத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கட்டுமான வண்டிகள் ஓடி இறுகிப்போன மண், குழியில் விட்ட தண்ணீர் வடியவே இல்லை. குருத்து கையோடு வந்த மரத்தைப் பிற்பாடு தோண்டினோம். 90 சென்டிமீட்டர் தோண்டிய பிறகுதான் வேர்வட்டமே தெரிந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது, வேர்கள் விரலால் நசுக்கினால் தோல் தனியாகக் கழன்று வந்தன. ஒரு புது வேர் கூட விடவில்லை. நட்ட அன்று எப்படி வைத்தார்களோ அப்படியே, தொட்டியில் செருகிய பூங்கொத்து மாதிரி நின்றிருக்கிறது. 24 ராயலில் இன்று மிச்சம் 9. ஒன்பதும் குட்டை மரங்கள். எவற்றைப் பார்த்து முகம் சுளித்தோமோ அவைதான் பிழைத்தன.

“இத்தனை நாள் பச்சையாக இருந்ததே, எப்படி?” என்று நானும் கேட்டேன். பாம் மரத்தின் தண்டு ஒரு கிடங்கு. மாவுச்சத்தும் தண்ணீரும் அதில் நிறைய இருக்கும். அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓலை பச்சையாக நிற்கும், குருத்து கூட ஓரளவு மேலே வரும். வாரண்டி மூன்று மாதம். அதில் ஒரு வரி: “பச்சை மட்டை உள்ள மரம் உயிருள்ள மரமாகக் கருதப்படும்.” இரண்டாவது மாத ஆய்வில் குருத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார், அது நான்கு விரல் மேலே ஏறியிருந்ததைக் காட்டி, “பாருங்கள், வளர்கிறது” என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த வரியை எழுதியவருக்கு மரம் எப்படிச் சாகும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

முட்டுக்கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டைச் சுற்றிச் சாக்கு, அதன் மேல் கட்டைத் துண்டுகள், அதை இரும்புப் பட்டையால் இறுக்கி, முட்டுக்கம்பை அந்தக் கட்டையில் அடிக்க வேண்டும். எங்களுக்கு நேராகத் தண்டிலேயே ஆணி. மற்ற மரங்களில் காயம் பட்டால் பட்டை வளர்ந்து மூடும். பாம் தண்டில் அப்படி மூடுகிற திசு கிடையாது, விழுந்த ஓட்டை ஆயுசுக்கும் ஓட்டைதான். ராயல் பாமின் அழகே சிமெண்டுத் தூண் போன்ற அந்த வழுவழுப்புத் தண்டு. அதில் கிரேன் பெல்ட் உரசிய தழும்பு ஒரு பக்கம், ஆணித் துளை மறு பக்கம். விளக்குச் சரம் கட்ட வந்த எங்கள் மின்பணியாளர்களும் அதைப் பார்த்துத் தங்கள் பங்குக்கு நாலு ஆணி அடித்தார்கள்.

அப்புறம் பராமரிப்பு. அடிமட்டைகளில் ஆரஞ்சு மஞ்சளில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்ததும், மாதம் ஒரு தடவை வந்து மஞ்சளையெல்லாம் வெட்டிவிட்டுப் போனார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. அது பொட்டாசியக் குறைவு. மரம் பழைய மட்டையிலிருந்து பொட்டாசியத்தை எடுத்துத்தான் புது மட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், அந்த மட்டையை வெட்டினால் அடுத்த அடுக்கில் கை வைக்கும். வெட்ட வெட்ட மஞ்சள் மேலே ஏறும். கடைசியில் கொண்டை உச்சிக்குடுமி மாதிரி ஆனது. இதற்கிடையில் போட்ட உரம் புல்வெளிக்குப் போடும் தழைச்சத்து உரம். அது பொட்டாசியக் குறைவை இன்னும் மோசமாக்கும். ஃபுளோரிடாவின் மணல் நிலத்துப் பாம் மரங்களுக்கு 8-2-12 (வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாசியம்), அதோடு 4 பங்கு மெக்னீசியம், மெல்லக் கரையும் வடிவில் போடச் சொல்கிறார்கள். நம் மண்ணுக்கு அதே கணக்கு வரவேண்டும் என்றில்லை. ஆனாலும் கடைசி எண் ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேட்கத் தெரிந்திருந்தால் நான் அந்த மூட்டையைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கேனரி ஈச்சையில் ஒன்று ஒரு பக்கத்து ஓலை மட்டும் காய்ந்து செத்தது. ஃபுசேரியம் வாடல் என்ற பூஞ்சை நோய் என்றார்கள், மருந்து கிடையாது, ஒரு மரத்தை வெட்டிய ரம்பத்தை அப்படியே அடுத்த மரத்தில் வைத்தால் பரவும். ரம்பம் எங்கெங்கே போய்விட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும். வாஷிங்டோனியாவில் தடித்த தண்டு ரகமான ஃபிலிஃபெரா கேட்டோம், வந்தது ஒல்லியாக 25 மீட்டருக்கு மேல் போகும் ரொபஸ்டா. சின்னதில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ரொபஸ்டாவின் மட்டைக்காம்பு அடியில் செம்பழுப்பாக இருக்கும். இன்னும் சில வருடத்தில் நுழைவாயிலில் மின்கம்பம்தான் தெரியும், மரம் தெரியாது.

ராயல் மட்டை மூன்று மீட்டருக்கும் நீளம், முற்றினால் உறையோடு தானாகக் கழன்று விழும். ஆட்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அதை நடலாமா என்று வரைபடத்தைப் பார்த்த ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி விழுந்தது. காலையில் பார்த்தால் வரிசைக் கம்பி வளைந்து கிடக்கிறது. பகலாக இருந்தால் இந்தப் பதிவின் தலைப்பே வேறு. மேலாளரிடம் சொல்லி அன்றைக்கே வரிசையை நகர்த்தினோம்.

பணம் திரும்பவில்லை. வாரண்டியில் என் கையெழுத்து இருக்கிறது, அதைக் காட்டினார், பேச்சு முடிந்தது. அடுத்து மரம் வாங்கியபோது தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒரு முழு வளர்பருவம் தாண்டும்வரை பிடித்து வைத்தோம். ஏற்றும் முன் நர்சரிக்கே போய் வேர்க்கட்டை டேப் வைத்து அளந்தோம், ஓலைக்காம்பின் அடியில் துளையோ மென்ற நாரோ பழுப்புச் சாறோ இருக்கிறதா என்றும் பார்த்தோம், சிவப்புக் கூன்வண்டு இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. ஒவ்வொரு தண்டிலும் மண்மட்டத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு, கோடு மண்ணுக்குள் போனால் மரத்தை வெளியே எடுக்க வேண்டும். குழியில் முதல்நாளே தண்ணீர் விட்டு, வடிந்த பிறகுதான் நட்டோம். ஒருவர் இந்த நிபந்தனைகளைப் பார்த்துவிட்டுக் கோட்டேஷனே கொடுக்காமல் போனார். போகட்டும்.

போன வாரம் வேறொரு பூங்காவில் வேலை பார்க்கும் நண்பர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். தங்களிடம் வந்த கான்ட்ராக்டர் தன் வேலைக்குச் சான்றாகக் காட்டியதாம், ஆள் எப்படி என்று கேட்டிருந்தார். எங்கள் திறப்பு விழா அன்று எடுத்த படம். 24 ராயல் பாம், நூல் பிடித்த மாதிரி ஒரே உயரம். இடப்பக்கம் மூன்றாவது மரத்தின் குருத்துதான் என் கையோடு வந்தது.